ஊர் திரும்பிய மிஷனெரிக்கு வீட்டில் என்ன வேலை?

வாசகர் கேள்வி

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு 41 வயது. திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஒரு கிராமம். 2011-ல் மிஷனெரியாக ஜார்க்கண்ட் போனேன். சாகிப்கஞ்ச் மாவட்டம், ராஜ்மஹால் மலை, பஹாடியா பழங்குடி மக்கள் நடுவில் 13 ஆண்டுகள். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 10. இருவரும் அங்கேயே வளர்ந்தவர்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. அம்மா அழுததால் கிறிஸ்துமஸுக்கு முன்பே குடும்பத்தோடு திரும்பிவிட்டோம்.

அப்பா வீட்டில்தான் தம்பியும் அவன் குடும்பமும் இருக்கிறார்கள். மூன்று ஏக்கர் நிலத்தை அவன்தான் பார்க்கிறான். வந்த புதிதில் எல்லாம் நன்றாக இருந்தது. சபையில் பொன்னாடை போர்த்தி சாட்சி சொல்லச் சொன்னார்கள். தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுப்பு மெஷின் கிடைத்ததென்று தம்பி ஆராதனைக்கு வரவில்லை. அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஓய்வுநாளைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். எழுந்து நின்று, "பதிமூணு வருஷமா அப்பாவைப் பார்த்தது யாரு? கஜா புயல்ல கூரை போனப்ப நீ ஒரு போன்தான பண்ணுன?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டான். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மனைவி அனுசரித்துப் போகிறாள். அவள் கடுகெண்ணெயில் சமைத்தால் அம்மாவுக்கு வாடை ஆகவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் தங்களுக்குள் இந்தியில் பேசினால் அம்மா, "என்னையத்தான் கேலி பண்ணுதுங்க" என்கிறார். மலையிலிருந்து ராத்திரியில் போன் வருகிறது, எப்போது வருவீர்கள் என்று. நண்பர்கள் சொந்தமாக ஊழியம் தொடங்கு என்கிறார்கள். எனக்கோ அந்த மக்களின் மால்தோ மொழியை முறையாகப் படித்து, அவர்கள் கதைகளையும் பாட்டுகளையும் எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. எனக்கென்று ஒரு இலக்கு வைத்துக்கொள்வது சுயநலம் இல்லையா? காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று இருக்கிறது. பேசாமல் திரும்பிப் போய்விடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது போக வேண்டாம். இனி எப்போதுமே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தம்பி முகம் கொடுக்காத வீட்டிலிருந்து கிளம்பினால், மற்றவர்கள் அதற்கு என்ன பெயர் வைத்தாலும், கோபித்துக்கொண்டு போனதாகத்தான் உங்கள் மனசு கணக்கு வைக்கும். அது உங்களுக்கே தெரிந்திருப்பதால்தான் டிக்கெட் போடாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்ல. கும்பகோணத்தில் குடும்ப ஆலோசனை சொல்வது என் தொழில். அழைப்பு எது, தேவசித்தம் எது என்பதையெல்லாம் உங்கள் ஆயரிடம் கேளுங்கள். ஒரு வீட்டுக்குள் ஏழெட்டுப் பேர் இருந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வந்த புதிதில் இனித்ததும் பிறகு கசந்ததும் உங்கள் ஒருவருக்கு மட்டும் நடந்ததல்ல. காலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர், வேற்று மண்ணுக்குப் போய் வாழ்பவர்கள் படும் பாட்டை 1960-ல் படிப்படியாக எழுதினார். முதலில் எல்லாம் அழகாகத் தெரியும், பிறகு எரிச்சலும் ஊர் ஏக்கமும் வரும், அப்புறம் மெல்லத் தேறுவார்கள். 1963-ல் கல்லஹார்ன் தம்பதியர் அதோடு இன்னொன்றைச் சேர்த்தார்கள். ஊருக்குத் திரும்பும்போதும் அதே இறக்கமும் ஏற்றமும் மறுபடி ஒரு சுற்று வரும் என்றார்கள். என் அனுபவத்தில் இந்த இரண்டாம் சுற்றுதான் ஆளை அதிகம் சாய்க்கிறது. ஜார்க்கண்டுக்குப் போகும்போது மொழி தெரியாது, மலேரியா வரும் என்று தெரிந்துதான் போனீர்கள். அதற்குப் பயிற்சியும் கொடுத்திருப்பார்கள். சொந்த ஊருக்குத் திரும்ப யார் பயிற்சி கொடுத்தது? பிறந்த வீட்டுத் திண்ணையில் உட்காரப் பயிற்சி வேண்டுமா என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள், உங்களை அனுப்பியவர்களும் நினைத்திருப்பார்கள்.

வெளியில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நம் டெல்டாவில் நிறைய. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்துவிட்டு வருகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். அவர்களுக்கும் இதே தடுமாற்றம் உண்டு. ஆனால் அவர்கள் கையில் காசோடு வருகிறார்கள். ராணுவத்திலிருந்து வருபவருக்கு ஓய்வூதியம் இருக்கிறது. நீங்கள் மரியாதையோடு மட்டும் வந்திருக்கிறீர்கள். அந்த மரியாதையும் சபை வாசலைத் தாண்டி வீட்டு வாசலுக்குள் வருவதில்லை. கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் உங்கள் காலை நேரத்துச் சோர்வில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

இன்னொரு பாதி, நாம் கேட்டு வளர்ந்த கதைகளால் வருவது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் மிஷனெரியாக வந்து இறங்கியவர் யார் என்று கேட்டால் உங்கள் சபைச் சிறுவன்கூட சீகன்பால்க் என்பான். அதே கப்பலில் கூடவே வந்து இறங்கியவர் ஹைன்ரிஷ் புளூட்சௌ. அவர் 1711-ல் ஊர் திரும்பினார். பிறகு ஹோல்ஸ்டைன் பகுதியில் ஒரு சிற்றூர்ச் சபைக்குப் போதகராகி மிச்ச வாழ்க்கையை அங்கேயே கழித்தார். சீகன்பால்க் 36 வயதில் இந்த மண்ணிலேயே இறந்தார். சுவார்ட்ஸ் ஐயர் 1750-ல் வந்தவர், 1798-ல் தஞ்சாவூரில் இறக்கும்வரை தாய்நாட்டைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. சிலை இருப்பதும் கல்வெட்டு இருப்பதும் திரும்பாதவர்களுக்குத்தான். திரும்பிப் போய், ஞானஸ்நானம் கொடுத்து, அடக்க ஆராதனை நடத்தி, ஏதோ ஒரு சிற்றூரில் வயதாகிப்போன புளூட்சௌவை யாரும் பேசுவதில்லை. இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு வீடு திரும்புவது தோல்வியாகப் படாமல் வேறு எப்படிப் படும்? நீங்கள் தோற்று வரவில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, வந்திருக்கிறீர்கள். சபையில் யாராவது "ஏன் வந்துட்டீங்க?" என்று கேட்டால் இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அதற்கு மேல் விளக்கம் சொல்லச் சொல்ல, உங்களுக்கே அது சாக்குப்போக்குப் போலக் கேட்கத் தொடங்கும்.

இனி தம்பி. உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

தை மாதத்தில் அறுப்பு மெஷின் கிடைப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு மறந்துபோயிருக்கும். ஈர வயலுக்குச் செயின் வண்டிதான் இறங்கும். சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். தரகர் "இன்னிக்கு விட்டா புதன்கிழமைதான்" என்பார். நடுவில் ஒரு மழை பிடித்தால் கதிர் சாய்ந்து நெல் முளைத்துவிடும். அறுத்தாலும் கதை முடிவதில்லை. நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். களத்தில் கொட்டிக் காய வைத்து, தார்ப்பாயைப் போட்டு மூடி, முறை வரும்வரை நெல்லுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்க வேண்டும். உங்கள் தம்பி அந்த வாரம் சரியாகத் தூங்கியிருக்கவே மாட்டார். அந்த உடம்போடு வந்து உட்கார்ந்தவருக்குத்தான் நீங்கள் ஓய்வுநாளைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்ன வசனத்தைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. அதைச் சொல்லும் இடம் அந்த வீட்டில் உங்களுக்கு இன்னும் வரவில்லை என்பதுதான் என் கருத்து. 13 வருஷம் ஒரு மலையில் நீங்கள் பேச நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. வீட்டில் நீங்கள் மூத்த பிள்ளை, உண்மைதான். ஆனால் 13 வருஷமாக மூத்த பிள்ளையின் வேலையைச் செய்தது இளையவர். அப்பாவின் மாத்திரை எத்தனை மணிக்கு, எந்த டாக்டர், எந்த மளிகைக் கடையில் கடன் நிற்கிறது, எந்த வாய்க்கால் மடையில் யாரோடு தகராறு, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஜார்க்கண்டில் இறங்கிய முதல் வருஷம் நீங்கள் பிரசங்கமா செய்தீர்கள்? தண்ணீர் எங்கே எடுப்பது, யாரை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டுக் கேட்டுக் கற்றிருப்பீர்கள். உங்கள் வீட்டிலும் இது உங்களுக்கு முதல் வருஷம்.

கஜா வந்தது 2018 நவம்பர் 16 விடிகாலை. உங்கள் பக்கத்தில் அது என்ன செய்தது என்பதை நானும் வந்து பார்த்தேன். தென்னைகள் வேரோடு கிடந்தன, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. போன் போட்டு விசாரித்தேன் என்பது உங்கள் நினைவு. ஒரு போன் மட்டும்தான் வந்தது என்பது அவர் நினைவு. இரண்டும் உண்மையாக இருக்கலாம். அன்றைக்கு என்னால் ஏன் வர முடியவில்லை என்று இனிமேல் விளக்கப் போகாதீர்கள். "அந்தப் பத்து நாள் என்னதான்டா பண்ணுன, சொல்லு" என்று ஒரு நாள் கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள். ஜெபத்தில் முடிக்கவும் வேண்டாம்.

மன்னிப்பு கேட்கலாமா என்று நினைப்பீர்கள். கேளுங்கள். ஆனால் எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அதுவும் ஒரு கூட்டமாகிவிடும். வயல் வரப்பில் நின்று இரண்டு வாக்கியம் போதும். அதற்கு மேல் வேலையில் காட்டுங்கள். அப்பாவை மாதா மாதம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு போடுவது, காத்திருப்பது, மாத்திரை வாங்குவது எல்லாம் இனி உங்கள் வேலை. அப்பாவைக் குளிப்பாட்டி உடை மாற்றுவது இதுவரை தம்பி மனைவி தலையில்தான் இருந்திருக்கும், கடிதத்தில் அது இல்லாவிட்டாலும் நான் ஊகிக்கிறேன். காலை வேளையில் அதை நீங்கள் செய்யுங்கள். பெற்ற மகன் இருக்கும்போது மருமகள் ஏன் செய்ய வேண்டும்? மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால் மோட்டார் போட அவரோடு நீங்களும் எழுந்து போங்கள். அடுத்த அறுப்பில் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் படுப்பது உங்கள் முறையாக இருக்கட்டும். இதையெல்லாம் சபையில் சாட்சியாகச் சொல்லாதீர்கள். தம்பி காதுக்குப் போனால் எல்லாம் வீணாகிவிடும்.

குடும்ப ஜெபம் எவ்வளவு நேரம் என்று நீங்கள் எழுதவில்லை. பணித்தளப் பழக்கத்தில் முக்கால் மணி நேரமாவது இருக்கும் என்று நினைக்கிறேன். தம்பி பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வந்த களைப்பில் தூங்கி விழும் நேரம் அது. பத்து நிமிடத்தில் முடியுங்கள். நடத்துவதைச் சில மாதங்களுக்கு உங்கள் அம்மாவிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் அந்த வீட்டில் ஜெபம் நின்றா போயிருந்தது?

பிள்ளைகள் இந்தியில் பேசுவதைத் தடுக்காதீர்கள். 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த ரூத் ஹில் யூசீம் என்ற சமூகவியலாளர், பெற்றோரின் ஊருக்கும் சொந்தமில்லாமல், வளர்ந்த ஊருக்கும் முழுசாகச் சொந்தமில்லாமல் நடுவில் வளரும் பிள்ளைகளைத் தனி வகையாகவே பார்த்தார். உங்கள் இரண்டு பேரும் அப்படித்தான். நீங்கள் ஊருக்குத் திரும்பினீர்கள். அவர்கள் ஊரை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுடைய மலை, சிநேகிதர்கள், வளர்த்த கோழி எல்லாம் அங்கே இருக்கின்றன. அண்ணனும் தங்கையும் ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு இந்தியில் கிசுகிசுப்பது அவர்களிடம் மிச்சமிருக்கும் ஊர். பாட்டிக்குச் சங்கடம் என்பதும் நியாயம்தான். பாட்டி இருக்கும் இடத்தில் தமிழ் என்று ஒரு வழக்கம் வையுங்கள், போதும். மகளைப் பாட்டிக்கு நாலு இந்தி வார்த்தை சொல்லிக்கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். "தண்ணிக்கு என்னடி?" என்று பாட்டியே கேட்க ஆரம்பித்துவிட்டால் கேலி என்ற நினைப்பு தானாகப் போய்விடும்.

மகனின் படிப்பில் மட்டும் காலம் கடத்தாதீர்கள். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். பையன் நன்றாகப் பேசுவான், எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் திணறுவான். தலைமையாசிரியரை நேரில் பார்த்து, எந்த ஊரிலிருந்து வந்தோம் என்று சொல்லி, தமிழுக்குத் தனியாக என்ன ஏற்பாடு செய்ய முடியும் என்று கேளுங்கள். மகளுக்குச் சட்டமே துணை இருக்கிறது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி 14 வயது வரை வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். உங்கள் அப்பாவுக்குப் பேச்சு குழறுகிறது என்றீர்கள். பேச்சுப் பயிற்சி தருபவரிடம் ஒருமுறை காட்டி, சத்தமாக வாசிக்கும் பயிற்சி அவருக்குத் தோதுப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோதுப்பட்டால் காலையில் தினத்தந்தியை எடுத்துத் தாத்தாவும் பேரனும் தலைப்புச் செய்திகளை மாற்றி மாற்றி வாசிக்கட்டும். இரண்டு பேருக்குமே திக்கும். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது.

அடுத்தது உங்கள் மனைவி.

கடிதத்தை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். தம்பிக்கு ஒரு பத்தி, மொழிக்கு ஒரு ஆசை, நண்பர்களுக்கு ஒரு வரி. அவரைப் பற்றி, அனுசரித்துப் போகிறார், கடுகெண்ணெயில் சமைக்கிறார். அவர் என்ன படித்தார், அங்கே என்ன வேலை செய்தார், இங்கே என்ன நினைக்கிறார் என்று ஒன்றுமே இல்லை. பணித்தளத்து மனைவிகள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சுவது, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சமைப்பது, ஊர்ப் பெண்களின் பிரசவத்துக்குத் துணை போவது என்று அரைப் பள்ளிக்கூடமும் அரை ஆஸ்பத்திரியும் அவர்கள் தலையில்தான் ஓடும். உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்களே, அவருக்குப் போர்த்தினார்களா? மலையில் பெண்களெல்லாம் யோசனை கேட்டு வந்த ஒருவர், இங்கே எந்த டப்பாவில் மிளகாய்த்தூள் இருக்கிறது என்று ஓரகத்தியிடம் கேட்டு நிற்கிறார். வந்த நாளிலிருந்து அவர் கை தானாகச் செய்யும் ஒரே வேலை கடுகெண்ணெயைக் காய வைப்பதாக இருக்கலாம். அதற்கும் மூக்கைப் பொத்துகிறார்கள். வீட்டில் சண்டை இல்லை என்பதால் அவருக்குக் குறையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் வரும் குடும்பங்களில் பேசாமல் அனுசரித்துப் போகிறவர்தான் கடைசியில் ஒரு நாள் பெட்டியைக் கட்டுகிறார்.

எண்ணெய்க்கு வழி சுலபம். தனிச் சட்டி, கொல்லைப்பக்கத்து அடுப்பு, வாரத்தில் ஒரு நாள். அம்மாவிடம் அதை நீங்கள் போய்ச் சொல்லுங்கள், மனைவியைச் சொல்ல விடாதீர்கள். பெரிய விஷயம் வேறு. நீங்கள் கேட்டீர்களே, எனக்கென்று ஒரு இலக்கு வைத்துக்கொள்வது சுயநலமா என்று. அந்தக் கேள்வியை அவரிடமும் கேட்டிருந்தால் அது சுயநலம் இல்லை. 13 வருஷமாக உங்கள் அழைப்புக்குப் பின்னால் அவர் வந்தார். இந்த முறை அவருடைய விருப்பத்தை முதலில் வைத்து, உங்களுடையதை அதற்குப் பிறகு பொருத்திப் பாருங்கள். ஆசிரியர் பயிற்சி முடித்தவராக இருந்தால் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதலாம். ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு முதல் தாள், 150 மதிப்பெண். ஒருமுறை தேறினால் வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்று 2021-ல் மாற்றிவிட்டார்கள். இந்தியில் தடையில்லாமல் பேசுகிறவரைத் தேடும் தனியார் பள்ளிகளும் இருக்கின்றன. அல்லது அவருக்கு இதிலெல்லாம் விருப்பமே இல்லாமல், ஒரு வருஷம் யாருக்கும் சமைக்காமல் இருந்தால் போதும் என்றுகூட இருக்கலாம். என்ன சொன்னாலும் உடனே "ஜெபிப்போம்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்.

உங்கள் ஆசையைப் பற்றி இப்போது சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருக்கிறது. மால்தோ நம் மொழிக் குடும்பத்தில் பிறந்து, அவ்வளவு வடக்கே தனித்து நிற்கும் மொழி. அதைப் பேசுகிறவர்களோடு பல வருஷம் வாழ்ந்த தமிழர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த மொழியைப் பற்றிய ஓர் ஆய்வை 1970-களில் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகமே வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் மொழியியல் துறை இருக்கிறது. ஒரு நாள் இரண்டு இடத்திலும் ஒரு பேராசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். பட்டம், சேர்க்கையெல்லாம் அப்புறம். அதுவரை ராத்திரி வரும் அந்த போன்களே உங்களுக்குப் பாடம். பேசுகிறவரிடம் சம்மதம் கேட்டு, ஒரு கதை சொல்லச் சொல்லிப் பதிவு செய்து, காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து நோட்டில் எழுதுங்கள். இந்த வேலையைச் செய்ய ஊழியத்தை விட்டவராகவும் இருக்க வேண்டாம், ஊழியத்தில் இருப்பவராகவும் இருக்க வேண்டாம்.

காலையில் எதற்கு எழுந்தோம் என்று இருப்பதன் காரணமும் இதை ஒட்டியதுதான். இத்தனை வருஷம் உங்கள் இலக்கை உங்கள் அமைப்பு எழுதிக் கொடுத்தது. இத்தனை கிராமம், இத்தனை ஜெபக்குழு, மாதம் பிறந்தால் அறிக்கை, வருஷம் பிறந்தால் கூட்டம். இப்போது அறிக்கை கேட்க யாருமில்லை. வேலையே இல்லை என்பதைவிட, கேட்பார் இல்லை என்பது உங்களை வாட்டுகிறது. நண்பர்கள் சொல்லும் சொந்த ஊழியம் இந்த வெற்றிடத்தில் உடனே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் அதை இந்த வருஷம் தொடாதீர்கள் என்கிறேன். பெயர்ப்பலகை, ரசீதுப் புத்தகம், டிரஸ்ட் பதிவு என்று ஓடுவதில் ஒரு வருஷம் போகும். தம்பியோடு இருக்கும் விரிசல் அப்படியே இறுகிவிடும்.

பணத்தைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. ஊழியக்காரர் பணம் பேசக்கூடாது என்ற கூச்சமாக இருக்கலாம். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. உங்கள் அமைப்பிடம் வைப்பு நிதி, பணிக்கொடை, மருத்துவ உதவி என்று உங்களுக்கு என்ன வர வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள். உங்களைத் தாங்கிய ஜெபக்குழுக்களுக்கு, திரும்பிவிட்டோம், இனி காணிக்கை அனுப்ப வேண்டாம் என்று நன்றியோடு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். அதை இழுத்துக்கொண்டு போனால் பின்னால் பேச்சு வரும். மாதச் சம்பளம் ஒன்று சீக்கிரம் வேண்டும், சின்னதாக இருந்தாலும் சரி. தம்பி வீட்டு அரிசியைச் சாப்பிட்டுக்கொண்டு தம்பிக்குப் புத்தி சொல்ல முடியாது.

நிலத்துப் பேச்சை நீங்கள் இழுக்காதீர்கள். ஆனால் விவரம் தெரிந்திருக்கட்டும். நிலம் அப்பா பெயரில் இருந்தால் அவர் இருக்கும்வரை அது அவருடையது, பிள்ளைகள் யாருக்கும் பங்கு கேட்க உரிமையில்லை. கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாமல் போனால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. அக்காள் தங்கை இருந்தால் அவர்களுக்கும் அதே பங்குதான். உழுதவர் என்பதால் தம்பிக்குச் சட்டத்தில் கூடுதல் கிடையாது, நியாயத்தில் உண்டு. அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே அவர் விருப்பத்தை வக்கீல் வைத்து எழுதிவிடுவது எல்லாருக்கும் நல்லது. தம்பிக்குக் கூடுதலாகக் கொடுங்கள் என்று அப்பாவிடம் நீங்களே சொல்ல முடிந்தால், உங்கள் ஜெபத்தில் வராத சமாதானம் அதில் வரலாம்.

கொஞ்ச காலத்தில் திருத்துறைப்பூண்டியிலேயே ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பாருங்கள். எட்ட இருந்தால் உறவு, கிட்ட வந்தால் பகை என்று சும்மா சொல்லவில்லை. காலையில் சைக்கிளில் போய் அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு வரும் மகனை எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் தம்பியோடு முகம் பார்த்துப் பேசத் தொடங்கிய பிறகு போங்கள். இப்போதே போனால் பிரிந்துபோனதாக ஊர் பேசும்.

மலையிலிருந்து வரும் போன்களுக்கு ஒரு நேரம் வையுங்கள், ஞாயிறு மாலை என்று. அங்கே உங்கள் இடத்தில் இப்போது இருப்பவரை அவர்கள் நம்பத் தொடங்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு போனும் அவர் வேலையைக் கடினமாக்குகிறது.

உடம்பு விஷயம் ஒன்று. சாகிப்கஞ்ச், பாகூர், தும்கா, கோட்டா பக்கமெல்லாம் காலா அசார் என்ற காய்ச்சல் நோய் உள்ள இடம். நம் பக்கத்து டாக்டர்கள் அதை அடிக்கடி பார்ப்பதில்லை. நாலு பேரில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் விடாமல் இருந்தாலோ, வயிற்றின் இடப்பக்கம் வீங்கினாலோ, உடம்பில் வெளிறிய திட்டுகள் வந்தாலோ, எந்த மாவட்டத்திலிருந்து வந்தீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சில வகை மலேரியா பல மாதம் கழித்தும் திரும்ப வரும், அதையும் நினைவில் வையுங்கள். மனச்சோர்வையும் உடம்பு விஷயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலோ, செத்தால் தேவலை என்று ஒரு நொடி தோன்றினாலோ, ஜெபம் போதும் என்று இருந்துவிடாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

திரும்பிப் போவதைப் பற்றிய பேச்சை அடுத்த சம்பா அறுப்பு முடிந்த பிறகு எடுங்கள். அப்போது நாலு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். மகனுக்கு அது பத்தாம் வகுப்பை ஒட்டிய காலம், அவனுக்கும் ஒரு வாக்கு உண்டு. நீங்கள் தனியாக முடிவெடுத்துவிட்டு வீட்டுக்கு அறிவிப்பது இந்த முறை வேண்டாம்.

உங்கள் மனைவி விரும்பினால் எனக்குத் தனியாக எழுதட்டும். அனுப்புவதற்கு முன் நீங்கள் வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டாம்.